'யெல்லோ டே'க்கு மஞ்சள் சட்டை தேடுறீங்களா? குமரிப் பிள்ளைகளுக்கு எது நிஜமான 'தீம்'?

ராத்திரி ஒன்பதரை மணி. ப்ரீ-கேஜி வாட்ஸ்அப் குரூப்ல மிஸ்ஸோட மெசேஜ் வந்து விழுது. 'டியர் பேரன்ட்ஸ், நாளைக்கு யெல்லோ டே. கிட்ஸ் எல்லாரும் மஞ்சள் டிரெஸ்ல வரணும். ஒரு மஞ்சள் பொம்மையும், சார்ட்ல ஒட்டின சூரியகாந்திப் பூவும் கொண்டு வரணும்.'

அதுக்கப்புறம் நடக்கறது உங்களுக்கே தெரியும். அப்பா பைக்கை எடுத்துட்டு ஃபேன்ஸி ஸ்டோருக்கு ஓடுவார். அம்மா யூடியூப் பார்த்து சூரியகாந்தி வெட்டுவாங்க. பக்கத்து வீட்டுக்காரங்ககிட்ட மஞ்சள் சட்டை கடன் கேட்பாங்க. இத்தனைக்கும் காரணமான மூன்று வயசுக் குட்டி அப்போ நல்லா தூங்கிட்டிருக்கும். மறுநாள் ஒரு குரூப் போட்டோ, இன்ஸ்டாவுல ஒரு போஸ்ட். யெல்லோ டே முடிஞ்சுது. மஞ்சளைப் பத்தி அந்தக் குட்டி என்ன கத்துக்கிச்சு?

உங்க வீட்டுலயோ, அக்கா வீட்டுலயோ, அண்ணன் வீட்டுலயோ மூணுலேர்ந்து அஞ்சு வயசுக்குள்ள ஒரு பிள்ளை இருந்தா, இந்தக் கட்டுரை உங்களுக்குத்தான். அடுத்த வருஷ அட்மிஷன் பத்தி வீட்டுல பேச்சு ஆரம்பிக்கறதுக்கு முன்னாடி இதைப் படிச்சிடுங்க.

'தீம்' என்பது யார் கண்டுபிடிப்பு?

செய்துபார்த்துக் கற்பது, ஒரு பொருளை மையமா வெச்சு ஒரு வாரம் முழுக்க விளையாடுவது. இதெல்லாம் ஏதோ புது ஃபிரான்சைஸ் பள்ளிகள் கொண்டு வந்ததுன்னு பலர் நினைக்கிறாங்க. இல்லைங்க, இதுக்குக் கிட்டத்தட்ட 190 வயசு. ஜெர்மனியில ஃபிரெடரிக் ஃபுரோபெல் 1837-ல் சின்னப் பிள்ளைகளுக்காக ஆரம்பிச்ச இடம்தான் பின்னால 'கிண்டர்கார்டன்' ஆச்சு. மரக்கட்டை, பந்து, தோட்டம் இதுதான் அங்கே பாடம். 1907-ல் ரோம் நகரத்து ஏழைக் குடியிருப்பு ஒன்றில் மரியா மாண்டிசோரி தன் முதல் 'குழந்தைகள் இல்ல'த்தைத் திறந்தார்.

அந்த மாண்டிசோரி நம்ம தமிழ்நாட்டுல வருஷக்கணக்கா வாழ்ந்தவர். ஆசிரியர்களுக்குப் பயிற்சி கொடுக்க 1939-ல் சென்னை அடையாறு பிரம்மஞான சபைக்கு வந்தார். இரண்டாம் உலகப் போர் வந்ததால் ஊர் திரும்ப முடியலை. போர்க்காலத்துல கொஞ்ச காலம் கொடைக்கானல்ல தங்கினார். செடி, இலை, பூச்சி, மண் இதையெல்லாம் பிள்ளைகள் தொட்டுப் பார்த்துக் கற்கிற பாடங்கள் அங்கேதான் விரிவா உருவாச்சு. இன்னிக்கு 'மாண்டிசோரி'னு யார் வேணும்னாலும் போர்டு எழுதலாம். உள்ளே போய்ப் பார்த்தா, பல இடத்துல நாலு கோடு நோட்டுதான் இருக்கும்.

நமக்கு இன்னும் நெருக்கமானவர் தாராபாய் மோடக். 1945-ல் மகாராஷ்டிராவின் போர்டி கிராமத்துல வேலையைத் தொடங்கினார். வெளிநாட்டு மாண்டிசோரிக் கருவிகளை வாங்கிக் கொடுக்க அங்கே வசதியில்லை. அதனால கூழாங்கல், கிளிஞ்சல், விதை, இலைன்னு சுத்தியிருக்கறதையே பாடப்பொருளா மாத்தினார். பிள்ளைகள் பள்ளிக்கு வரலைன்னா, பள்ளியே அவங்க வீட்டு முற்றத்துக்குப் போச்சு. முற்றத்துக்கு அங்கே 'அங்கன்' என்று பேர். அந்த அங்கன்வாடி என்ற சொல்தான் இன்னிக்கு நம்ம தெருமுனைக் கட்டடத்துமேல எழுதியிருக்கு.

ஆக, கையில் கிடைக்கிற பொருளை வெச்சு, பிள்ளை வாழற இடத்துலயே கற்றுக்கொடுக்கறதுதான் இதோட அடிப்படை. மஞ்சள் சட்டை எங்கேயோ நடுவுல வந்து ஒட்டிக்கிட்டது.

சண்டை போடுறவங்களும் ஒத்துப்போற ஒரு விஷயம்

கல்விக் கொள்கைன்னாலே டெல்லிக்கும் சென்னைக்கும் சண்டைதான் நியூஸ்ல வருது. மூணுலேர்ந்து ஆறு வயசு வரைக்கும் பிள்ளை எப்படிக் கத்துக்கணும்கற இந்த ஒரு விஷயத்துல ரெண்டு பேரும் சொல்றது ஒண்ணுதான்.

2013-ல் வந்த மத்திய அரசின் முன்பருவக் குழந்தைக் கல்விக் கொள்கை, விளையாட்டு வழியும் தாய்மொழி வழியும்தான் சரின்னு சொல்லுது. 2022 அக்டோபரில் வந்த அடித்தள நிலைக்கான தேசியப் பாடத்திட்டச் சட்டகம் அதையே விரிவாப் பேசுது. அடுத்த வருஷம் பொம்மை, புதிர், கதை அட்டை எல்லாம் வெச்சு ஒரு பெட்டியையே வெளியிட்டாங்க. அதே 2023 மே மாதம் தொடங்கின 'போஷன் பி, படாய் பி' திட்டம், அங்கன்வாடியில தினமும் குறைஞ்சது ரெண்டு மணி நேரம் தரமான முன்பருவக் கல்வி கிடைக்கணும்னு சொல்லுது.

தமிழ்நாட்டுலயும் அங்கன்வாடிகளுக்குன்னு 'ஆடிப்பாடி விளையாடு பாப்பா' என்ற பாடத்திட்டம் இருக்கு. மாசத்துக்கு ஒரு தலைப்புன்னு பதினோரு தலைப்பு. பன்னிரண்டாவது மாசம் திரும்பிப் பார்க்க. வயசுவாரியா செயல்பாட்டுப் புத்தகம் உண்டு. ஆமாங்க, நீங்க வருஷத்துக்குப் பல ஆயிரம் கட்டி வாங்குற 'தீம் பேஸ்டு கரிகுலம்' உங்க தெரு அங்கன்வாடியில காகிதத்துலயாவது இலவசமா இருக்கு.

அப்போ எங்கே சிக்கல்? நம்மகிட்டயும் இருக்கு.

நோட்டு என்ற ரசீது

2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி கன்னியாகுமரி மாவட்டத்தோட எழுத்தறிவு 91.75 சதவிகிதம். மாநிலத்துலயே முதலிடம். படிப்பு மேல இந்த ஊருக்கு இருக்கற பாசத்தைச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. அந்தப் பாசமே மூணு வயசுப் பிள்ளைமேல விழும்போது பாரமாயிடுது. 'என்ன, இன்னும் ஏபிசிடி எழுதலையா? எங்க பேரன் நூறு வரைக்கும் எழுதுவான், கேட்டியளா?' கல்யாண வீட்டுப் பந்தியில இந்தப் பேச்சைக் கேட்காத இளம் அம்மா யாராவது இருக்காங்களா?

பள்ளிக்கூடம் கணக்குப் போடுறது இங்கேதான். பிள்ளை ரெண்டு மணி நேரம் மணல்ல விளையாடினா பெற்றோருக்குக் காட்ட எதுவும் மிஞ்சாது. நோட்டுல பக்கம் பக்கமா 'ஏ' எழுதியிருந்தா, கட்டின ஃபீஸுக்கு ரசீது கிடைச்ச மாதிரி. அதனால தீம் பேருக்கு இருக்கும். 'அனிமல்ஸ்' வாரம்னா யானைப் படத்துக்கு வண்ணம் அடிக்கணும். 'விண்டர்' வாரம்னா பஞ்சை ஒட்டிப் பனிமனிதன் செய்யணும். கடைசியில எல்லாமே ஒர்க்‌ஷீட்தான். தலைப்பு மட்டும் வாரா வாரம் மாறும்.

குழந்தையோட மணிக்கட்டு எக்ஸ்ரே படம் ஒண்ணு பேரன்ட்டிங் பக்கங்கள்ல சுத்துமே, பார்த்திருக்கீங்களா? பெரியவங்க மணிக்கட்டுல எட்டு சின்ன எலும்பு இருக்கும். மூணு வயசுல அதுல பாதிகூட எலும்பா மாறியிருக்காது, குருத்தெலும்பாத்தான் இருக்கும். விரலை இயக்குற சின்னத் தசைகளும் அப்போதான் பழகிட்டு இருக்கு. பிசைய, பிழிய, கிழிக்க, கோக்க, முறுக்க அந்தக் கை துடிக்குது. பென்சில் பிடிக்கற பலமே அந்த வேலைகளைச் செஞ்சு செஞ்சுதான் வரும். வழியை விட்டுட்டு நேரா பென்சிலைக் கொடுத்தா, கை வலிக்குதுன்னு பிள்ளை அழும். நாம அதைச் 'சோம்பேறி'ம்போம்.

'ஏசர்' அமைப்போட 2019 ஆரம்ப வயது ஆய்வு அறிக்கையும் இதைத்தான் சொல்லுது: சின்ன வயசுல பாடத்தைத் திணிக்கறதைவிட, நினைவாற்றல், வகைப்படுத்தல், வரிசைப்படுத்தல், புதிர் போடுறதுன்னு யோசிக்கற திறனை வளர்க்கற விளையாட்டுகளுக்கு முக்கியத்துவம் தரணும்.

ஒரு தேங்காய், ஐந்து நாள்

பேச்சு போதும், செஞ்சு பார்ப்போம். ஈத்தாமொழி நெட்டைத் தென்னைக்குப் புவிசார் குறியீடு வாங்கின மாவட்டம் இது. அதனால தேங்காயையே எடுத்துக்குவோம். பால்வாடியிலயும் செய்யலாம், வீட்டுலயும் செய்யலாம்.

திங்கள்: இளநீர், உரிக்காத தேங்காய், உரிச்ச தேங்காய். மூணையும் தரையில வெச்சுடுங்க. எது கனம்? எதைக் குலுக்கினா சத்தம் வருது? எது சொரசொரன்னு இருக்கு? தேங்காய்க்கு எத்தனை கண்? கதம்பை, நார், சிரட்டை, குடுமின்னு ஒவ்வொண்ணுக்கும் பேர் சொல்லுங்க. ஒரே நாள்ல ஆறேழு புதுச் சொல் வாயில ஏறிடும்.

செவ்வாய்: ஒரு அகலப் பாத்திரத்துல தண்ணி. கூழாங்கல் மிதக்குமா, முழுத் தேங்காய் மிதக்குமா? முதல்ல பிள்ளை ஊகிச்சுச் சொல்லணும், அப்புறம்தான் போட்டுப் பார்க்கணும். 'இவ்வளவு பெருசு எப்படி மிதக்குது?'ங்கற ஆச்சரியம் முகத்துல தெரியும், அந்த நிமிஷத்தை விட்டுடாதீங்க. அடுத்து, மிதக்கற சிரட்டையில ஸ்பூன் ஸ்பூனா தண்ணி ஊத்தச் சொல்லுங்க. எத்தனையாவது ஸ்பூன்ல முழுகுது? பிள்ளை தானா எண்ண ஆரம்பிக்கும்.

புதன்: இன்னிக்கு வாத்தியார் வீட்டுப் பாட்டா. ஓலைப் பாம்பு, காத்தாடி, பீப்பி, வாட்ச், கண்ணாடி எல்லாம் அவர் கைக்குத் தெரியும். மூணு வயசுப் பிள்ளை ஓலையைக் கிழிச்சாலே போதும், அதுவே விரலுக்கு நல்ல வேலை. நாலு வயசு, ஈர்க்கில் துண்டுகளைச் சின்னதுலேர்ந்து பெருசா அடுக்கட்டும். அஞ்சு வயசு, நாலு கீத்தை ஒண்ணுமேல ஒண்ணு கீழேன்னு பின்னட்டும்.

வியாழன்: சமையல்கட்டு. நீங்க துருவிக் கொடுங்க, பிள்ளை கையால பால் பிழியட்டும். அதைவிடச் சிறந்த விரல் பயிற்சி எந்த ஆக்டிவிட்டி கிட்டுலயும் இல்லை. அப்புறம் புட்டு. மாவைத் தண்ணி தெளிச்சுப் பிசிர வைங்க. குழல்ல தேங்காய், மாவு, தேங்காய், மாவுன்னு மாத்தி மாத்திப் போட வைங்க. 'அடுத்து என்ன?'னு கேளுங்க. கணக்குப் புத்தகத்துல 'பேட்டர்ன்'னு இருக்கற பாடம் புட்டுக்குழல்ல முடிஞ்சுபோச்சு. அடுப்புல வைக்கறது மட்டும் உங்க வேலை.

வெள்ளி: சிரட்டைக் கடை. ஒரு பிள்ளை வியாபாரி, இன்னொண்ணு வாங்க வந்தவர். விலை பேசட்டும், பேரம் பேசட்டும். கடைசியா, இந்த வாரம் என்ன செஞ்சோம்னு பிள்ளை ஒரு படம் கிறுக்கட்டும். அது சொல்றதை அப்படியே அதன் பேச்சுலயே நீங்க கீழே எழுதிட்டு, விரல் வெச்சு வாசிச்சுக் காட்டுங்க. நாம பேசுறது எழுத்தா மாறும்கற ரகசியம் அன்னிக்கு அதுக்குப் புரியும். 'அ'வை நூறு தடவை எழுதினாலும் இது புரியாது.

அஞ்சு நாள்ல பென்சிலை ஒரே ஒரு தடவைதான் தொட்டோம். எண்ணிக்கை, ஒப்பீடு, வரிசை, ஊகம், பேச்சு, விரல்பலம் எல்லாம் நடந்திருக்கு. செலவு ரெண்டு தேங்காயும் ஒரு இளநீரும்.

நாலு திணை, நாலு பாடத்திட்டம்

பாலையைத் தவிர நாலு திணையும் இருக்கற மாவட்டம்னு நம்ம ஊர்ல பெருமையாச் சொல்வாங்க. அந்தப் பெருமை பால்வாடிக்கும் வரணும். பேச்சிப்பாறை மலையில இருக்கற பிள்ளைக்கும் குளச்சல் கடற்கரைப் பிள்ளைக்கும் ஒரே தீம் சார்ட்டை ஒட்டறது எப்படி நியாயம்? ஊருக்கேத்த, காலத்துக்கேத்த சில தலைப்பு இதோ.

மழையும் வலையும் (ஜூன், ஜூலை): பள்ளி திறக்கும்போதே இங்கே தென்மேற்குப் பருவமழை வந்துடும். மேல்பகுதி வெட்டின பிளாஸ்டிக் பாட்டிலை முற்றத்துல வெச்சு, தினமும் எவ்வளவு மழை பெய்ததுன்னு கோடு போடலாம். மேற்குக் கடற்கரையில ஜூன் 1 முதல் ஜூலை 31 வரைக்கும் விசைப்படகுகளுக்கு மீன்பிடித் தடைக்காலம். கிழக்குப் பக்கம் அது ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை. பல வீட்டுல அப்பா கரையில இருக்கற நாட்கள் அவை. வலை பின்னத் தெரிஞ்ச ஒரு அப்பாவைப் பால்வாடிக்குக் கூப்பிட்டு உட்கார வைங்க. முடிச்சு போடுறது, கண்ணி எண்ணுறது, சாளைக்கு எந்த வலை, பெரிய மீனுக்கு எந்த வலை? தன் அப்பா டீச்சரா உட்கார்ந்ததை அந்தப் பிள்ளை வாழ்நாளுக்கும் மறக்காது.

பூ (ஆகஸ்ட், செப்டம்பர்): ஓணம் வந்தா தோவாளைச் சந்தை களைகட்டும். பிச்சியும் கேந்தியும் கொஞ்சம் வாங்கி வந்தா போதும். நிறம் பிரிக்கலாம், இதழ் எண்ணலாம், மணம் வெச்சுக் கண்ணை மூடிக் கண்டுபிடிக்கலாம், தரையில வட்டமா அத்தப்பூ போடலாம்.

பறவை (நவம்பர் முதல் பிப்ரவரி): சுசீந்திரம் - தேரூர் ஈரநிலம் 2022-ல் ராம்சர் தளமா அறிவிக்கப்பட்டது. வலசைப் பறவைகள் வர்ற காலத்துல ஒரு காலை நேரம் கரையோரம் கூட்டிட்டுப் போங்க. கொக்கு மாதிரி ஒத்தக்கால்ல எத்தனை எண்ற வரைக்கும் நிக்க முடியும்? உடம்பைச் சமநிலையில வெச்சுக்கற பயிற்சி அது. அதே தேரூர்ல 1876-ல் பிறந்தவர்தான் கவிமணி தேசிக விநாயகம் பிள்ளை. ஆசிரியரா வேலை பார்த்தவர், பிள்ளைகளுக்காகப் பாடல் எழுதினவர். குளத்தங்கரையில அவரோட ஒரு பாட்டைப் பாடிட்டு வந்தா, அதுக்குமேல என்ன ரைம்ஸ் வேணும்?

பழம் (கோடை): 2023-ல் கன்னியாகுமரி மட்டிப்பழத்துக்கும் புவிசார் குறியீடு கிடைச்சுது. மட்டி, ஏத்தன், செந்துளுவன், பேயன்னு நாலு வகையை வாங்கி வைங்க. நீளப்படி அடுக்கலாம், நிறப்படி பிரிக்கலாம், கண்ணைக் கட்டி ருசி பார்க்கலாம். சக்கை சீசன்னா இன்னும் நல்லது. கையில பிசுபிசுன்னு ஒட்டினா எண்ணெய் தடவினா ஏன் போகுது? இதைக் கேட்காத பிள்ளையே இருக்காது.

ரப்பர்: திருவட்டாறு, விளவங்கோடு பக்கம் இருக்கறவங்களுக்கு. பாலா இருந்தது எப்படி ஷீட்டா மாறுதுன்னு தோட்டத்துல போய்ப் பார்க்கலாம். வீட்டுல இருக்கற பொருள்ல எது இழுத்தா நீளும், எது நீளாதுன்னு ரெண்டு குவியலாப் பிரிக்கலாம்.

இதுக்காகப் பனிமனிதனும் டைனோசரும் வேண்டாம்னு சொல்ல வரலை. பிள்ளை தானா டைனோசர் பத்திக் கேட்டா, அந்த வாரம் முழுக்க டைனோசர்தான்! கேள்வி பிள்ளையோடதா இருக்கணும். பார்சல்ல வந்த தீம் யாரோட கேள்விக்கும் பதில் சொல்றதில்லை, அதுதான் பிரச்னை.

இதுல மட்டும் கவனம்

தோட்டத்துல கிடைக்கறது எல்லாம் விளையாட்டுப் பொருள் இல்லை. குன்றிமணி பார்க்க அழகா இருக்கும், ஆனா கொடிய விஷம். அரளியோட பூ, இலை, விதை எதையும் பிள்ளை கையில கொடுக்கக் கூடாது. பூச்சந்தையில மலிவா கிடைக்கும்கறதால இதை அழுத்திச் சொல்றேன். ரப்பர் விதையும் வாய்க்குப் போகக் கூடாது. மூணு வயசுக்கு உட்பட்ட பிள்ளைக்குப் புளியங்கொட்டை, மஞ்சாடி மாதிரிச் சின்ன விதை வேண்டாம். மூக்குல, காதுல போட்டுக்கும், விழுங்கியும் வைக்கும். தண்ணிப் பாத்திரத்துக்குப் பக்கத்துல பிள்ளையைத் தனியா விட்டுட்டு ஃபோன் எடுக்கப் போகாதீங்க.

சரி, இதையெல்லாம் யார் செய்றது?

கஷ்டமான கேள்வி இதுதான். 1975 அக்டோபர் 2-ல் தொடங்கின ஒருங்கிணைந்த குழந்தை வளர்ச்சித் திட்டம் 2025-ல் அம்பதை முடிச்சிடுச்சு. ஊட்டச்சத்து, தடுப்பூசி, உடல்நலப் பரிசோதனைன்னு அங்கன்வாடி செய்ய வேண்டிய ஆறு சேவைகள்ல முன்பருவக் கல்வி ஒண்ணு மட்டும்தான். மற்ற அஞ்சுக்கும் கணக்கு கேட்பாங்க. ரெஜிஸ்டர், எடை, உயரம், போஷன் டிராக்கர் செயலி எல்லாம் இருக்கு. 2025 ஜூலை 1 முதல், வீட்டுக்குக் கொடுக்கற சத்துமாவுக்குப் பயனாளியோட முகத்தைக் கேமராவுல பதிவு பண்ணணும். நெட் கிடைக்காத மலைக்கிராமத்துல இந்த வேலை எவ்வளவு நேரம் தின்னும்னு யோசிச்சுப் பாருங்க. தேங்காயை வெச்சு விளையாட நேரம் எங்கே?

சம்பளம்? அதைச் சம்பளம்னுகூடச் சொல்றதில்லை, மதிப்பூதியம்தான். மத்திய அரசு 2018 அக்டோபரில் ஒரு அங்கன்வாடிப் பணியாளருக்கு மாசம் 4,500 ரூபாய்னு நிர்ணயிச்சுது. மாநில அரசு தன் பங்கைச் சேர்த்துக் கொடுக்குது. 2025 ஏப்ரலில் தமிழ்நாடு முழுக்க 7,783 அங்கன்வாடிக் காலியிடங்களை நிரப்ப அறிவிப்பு வந்தது. ஒரு பணியிடம் காலியா இருந்தா, பக்கத்து மையத்து டீச்சர்தான் ரெண்டையும் பார்க்கணும்.

தமிழ்நாடு அரசும் ஒரு வழி பார்த்துச்சு. 2019 ஜனவரியில, நடுநிலைப் பள்ளி வளாகத்துல இருந்த 2,381 அங்கன்வாடிகள்ல எல்கேஜி, யூகேஜி வகுப்புகள் தொடங்கினாங்க. 2022 ஜூன்ல அதை நிறுத்தப்போறதா செய்தி வந்து எதிர்ப்பு கிளம்பவும், வகுப்புகள் தொடரும், தற்காலிக ஆசிரியர்களுக்கு மாசம் 5,000 ரூபாய் மதிப்பூதியம்னு அறிவிச்சாங்க. மூணு வயசுப் பிள்ளையோட மூளை வளர்ச்சி பத்தி மேடையில பேசுற நாம, அதைக் கையாளுற ஆளுக்கு மாசம் அய்யாயிரம்தான்னு முடிவு பண்ணியிருக்கோம். நல்ல பாடத்திட்டம் காகிதத்துலயே நின்னு போறதுக்கு இதைவிடப் பெரிய காரணம் தேட வேண்டாம்.

வசதியுள்ளவங்க தனியார் பள்ளிக்குப் போயிட்டா, அங்கன்வாடியைப் பத்திக் கேள்வி கேட்க ஆள் இருக்காது. மீன்பிடிக் கிராமத்துலயும் காணிக் குடியிருப்புலயும் இருக்கற பிள்ளைகளுக்கு அதுதான் ஒரே பள்ளி. உங்க பிள்ளை அங்கே போகாட்டிகூட, உங்க வார்டு அங்கன்வாடியில ரெண்டு பணியிடமும் நிரம்பியிருக்கான்னு கிராம சபையில கேளுங்க. உங்க வீட்டுப் பாட்டாவை ஒரு புதன்கிழமை ஓலையோட அங்கே அனுப்பி வைங்க. டீச்சர் சந்தோஷப்படுவாங்க, பாட்டா இன்னும் சந்தோஷப்படுவார்.

அட்மிஷனுக்குப் போறப்போ கேட்க வேண்டியவை

ஏசி இருக்கா, ஸ்மார்ட் போர்டு இருக்கான்னு கேட்கறதுக்கு முன்னாடி இந்த அஞ்சைக் கேளுங்க.

1. ஒரு நாள்ல பிள்ளை எவ்வளவு நேரம் உட்கார்ந்து எழுதும், எவ்வளவு நேரம் கையால ஏதாவது செய்யும்?

2. போன மாசத் தீம்ல பிள்ளைகள் செஞ்சதைக் காட்டுவீங்களா? எல்லாம் ஒரே மாதிரி, நறுக்குன்னு இருந்தா, செஞ்சது மிஸ்ஸோ அம்மாவோதான். கோணல்மாணலா, ஒண்ணுக்கொண்ணு வித்தியாசமா இருந்தா நம்பலாம்.

3. தீமை யார் முடிவு பண்றாங்க? எங்கேயோ அச்சடிச்ச புத்தகமா, இல்லை இந்த ஊர்ப் பிள்ளைகளோட கேள்வியா?

4. ஒரு டீச்சருக்கு எத்தனை பிள்ளை? இருபதுக்கு மேல போனா தண்ணி விளையாட்டெல்லாம் நடக்காது.

5. பிள்ளை வீட்டுல பேசுற தமிழ்ல வகுப்புல பேசலாமா? 'சக்கை'ன்னு சொன்னா அதட்டி 'ஜாக்ஃப்ரூட்'னு திருத்துவாங்களா, அல்லது ரெண்டையும் ஏத்துக்குவாங்களா?

பதில் சரியில்லைன்னா வேற பள்ளி மாத்த எல்லாராலயும் முடியாதுதான். ரெண்டு பேரும் வேலைக்குப் போற வீடு, அப்பா வளைகுடாவுல இருக்கற வீடு, ஆச்சி மட்டும் பார்த்துக்கற வீடுன்னு ஆயிரம் நிலைமை. தினமும் இருபது நிமிஷம் போதும். அரிசி களையும்போது, பூ தொடுக்கும்போது, மீன் வாங்கும்போது பிள்ளையைப் பக்கத்துல வெச்சுக்கிட்டு ஒரு கேள்வி கேளுங்க. ஐடியா வேணும்னா, குப்பையிலேர்ந்து பொம்மை செய்யற அர்விந்த் குப்தாவோட வீடியோக்கள் இலவசமாவே கிடைக்குது. ரீல்ஸ் பார்க்கற நேரத்துல ஒண்ணு பார்த்துட்டு, ஃபோனைக் கீழே வெச்சிட்டுச் செய்யுங்க.

அடுத்த யெல்லோ டே மெசேஜ் வந்தா?

பள்ளிகூடச் சண்டை வேண்டாம். இருக்கற சட்டையையே போட்டு அனுப்புங்க. சாயங்காலம் பிள்ளை வந்ததும் ஒரு மஞ்சள் கிழங்கை எடுத்துக் கல்லுல உரசச் சொல்லுங்க. கொஞ்சம் தண்ணி விட்டு, பழைய வெள்ளைத் துணியில தன் கையாலயே பூசட்டும். நிழல்ல காயப் போடுங்க. காஞ்சதும், ஈரமான துணி சோப்பால அது மேல ஒரு கோடு போட வைங்க.

மஞ்சள் கோடு செக்கச் செவேல்னு மாறும். சோப்புல இருக்கற காரம் மஞ்சளோட நிறத்தை மாத்திடும். ஆரத்தித் தண்ணியில சுண்ணாம்பு சேர்த்தா சிவக்குதே, அதே கதைதான். இதை இப்போ விளக்க வேண்டாம். பிள்ளை உங்க முகத்தைப் பார்த்து 'இது எப்படி?'னு கேட்கும். 'நீ சொல்லு மக்ளே'ன்னு திருப்பிக் கேளுங்க.

மறுநாள் காலையில அது சோப்பைத் தூக்கிட்டு வீட்டுல இருக்கற எல்லாத் துணிமேலயும் கோடு போட்டுக்கிட்டிருந்தா, கோபப்படாதீங்க. ஆராய்ச்சி நடக்குது.